நான்கு பேர் சேர்ந்து செய்த வேலை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இயந்திரவியல் துறையில் பாடம் நடத்தியவள் நான். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டியாக இருந்தபோது கண்டவற்றையும், குழுக்களைப் பற்றி உளவியலாளர்கள் செய்த சில ஆய்வுகளையும் சேர்த்து ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். தலைமைப் பண்பில் தன்னுடைய பலம் எது, குறை எது என்பதை ஒரு மாணவர் எப்படி அறிந்துகொள்வது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிமையில் உட்கார்ந்து தன் மனத்துக்குள் தேடினால் அது கிடைக்காது. கூட வேலை செய்தவர்கள் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியாமல் போனது என்று பார்க்க வேண்டும். விடை அங்கேதான் இருக்கிறது.

வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களின் எச்.ஆர். அதிகாரிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன? பிளேஸ்மென்ட் பயிற்சி வகுப்பிலேயே இதற்கு விடை தயாராகிவிடுகிறது. பலம் என்றால் கடின உழைப்பு, தலைமைப் பண்பு, எல்லோரோடும் இணைந்து செயல்படுதல். பலவீனம் என்றால், எடுத்த வேலையை முடிக்காமல் தூங்கமாட்டேன் என்பது. பலவீனத்தைக் கேட்டாலும் அது பலமாகவே காதில் விழ வேண்டும் என்பது அங்கே சொல்லித்தரும் உத்தி. வேலை கிடைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் நிற்கும் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விடையை நாலு கம்பெனியில் சொன்ன பிறகு அந்தப் பிள்ளையே அதை நம்பத் தொடங்கிவிடுகிறது. தன்னைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டிய இடத்தில் மனப்பாடம் செய்த நாலு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் கவலை அதுதான்.

அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தம் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தபோது, தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் புராஜெக்ட் அவருக்குக் கிடைத்தது. வேலையின் நிலையைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் ஏமாற்றமடைந்தார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்க, மூன்று நாள்தான் தந்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன் நின்று முடித்தார். பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து ஊக்கப் பேச்சு மேடை வரை இந்தக் கதை சொல்லப்படாத இடமில்லை. சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் புராஜெக்ட் ஐந்து பேருக்குத் தரப்பட்டது. கலாம் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். காற்றியக்கவியல் வடிவமைப்பும் அதன் வரைபடமும் தம் பொறுப்பு என்றும், உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் பிரித்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். மேடையேறும்போது அந்த நால்வரும் காணாமல் போகிறார்கள்.

ஒரு பொறியாளராக நான் அந்த நிகழ்ச்சியை வேறு விதமாக வாசிக்கிறேன். விமானத்தின் புறவடிவம் முடிவாகாமல் இறக்கைக்குள் எந்தச் சட்டம் எங்கே வரும் என்று கணக்கிட முடியாது. எஞ்சினை எங்கே பொருத்துவது, கட்டுப்பாட்டு அமைப்பை எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அந்த ஒரு வரைபடத்தைச் சார்ந்தவை. ஒருவர் தாமதித்தால் நால்வரின் வேலை நிற்கும். பேராசிரியரின் கண்டிப்புக்குப் பின்னால் அந்த நால்வரின் காத்திருப்பும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழுவின் கதையைத் தனியாள் கதையாக மாற்றிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. தன் புராஜெக்ட்டை நினைத்துப் பார்க்கும் மாணவரும் அதே பழக்கத்தில்தான் நினைத்துப் பார்க்கிறார்.

இது வெறும் தற்பெருமை என்று நினைத்துவிட வேண்டாம். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள்: காலை உணவு தயாரிப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் முழுமையைத் தாண்டிவிட்டது. சண்டையைத் தொடங்குவது யார் என்ற கேள்விக்கும் அப்படித்தான். பெருமைப்பட ஒன்றுமில்லாத விஷயத்திலும் தன் பங்கை மனிதர்கள் கூட்டித்தான் சொல்கிறார்கள். காரணம் நினைவின் போக்கு. நான் செய்தது எனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறது. நீ செய்தது என் கண்ணில் பட்ட அளவுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது.

என் மாணவர்களிடம் இதைச் செய்து பார்ப்பது என் வழக்கம். ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும் முன் குழுவிலுள்ள நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு தருவேன். மொத்த வேலையில் உன் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, மற்றவருக்குக் காட்டாமல் மடித்துக் கொடு என்பேன். கூட்டினால் நூறைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். ஏன் நாற்பது போட்டாய் என்று ஒருவர் கேட்க, மற்றவர் தான் செய்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். லேத் கடைக்காரரிடம் மூன்று முறை திரும்பிப் போனது, தவறாக வந்த பேரிங்கை மாற்ற டவுனுக்கு அலைந்தது, ராத்திரி ரெண்டு மணிக்குப் படங்களுக்கெல்லாம் வரிசை எண் போட்டது. ‘இதெல்லாம் நீதான் செஞ்சியா?’ என்று குழுத் தலைவர் கேட்கும் அந்த நிமிடத்தில் அவர் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்கிறார். ஆறு மாதம் ஒன்றாக வேலை செய்தும் அவர் கண்ணுக்கு எட்டாதது எது என்பது அவருக்குத் தெரிகிறது.

ரிப்போர்ட்டின் போனஃபைட் பக்கத்தில் நால்வரின் பெயரும் பதிவெண் வரிசையில் வரும். வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி நடந்தது என்பதுதான் எங்கேயும் எழுதப்படுவதில்லை.

எல்லாக் குழுவிலும் எழும் ஒரு புகாரை இங்கே சொல்லியாக வேண்டும். ‘நான் ஒருத்தன்தான் மேடம் வேலை பாக்கறேன், மத்தவங்க ஓபி அடிக்கிறாங்க.’ மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து விசையை அளந்தார். 1913-இல் முடிவுகள் வெளியாயின. ஆள் கூடக் கூட, ஆளொன்றுக்கு இழுவிசை குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும்போது காட்டிய விசையில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. ஒரே கணத்தில் எல்லோரும் இழுக்காததால் வரும் இழப்பு ஒன்று. நம் ஊரில் தேர் வடம் பிடிப்பவர்களுக்கு இது தெரியும். மேளமும் குரலும் சேர்ந்து அந்தக் கணத்தைக் குறித்துக் கொடுக்காவிட்டால் ஆயிரம் பேர் பிடித்தாலும் தேர் நகராது. இன்னொரு இழப்பு மனத்தளவில் வருவது. 1974-இல் அமெரிக்காவில் இந்தச் சோதனையை மீண்டும் செய்தவர்கள், ஒருவர் மட்டும் உண்மையாக இழுக்க, மற்றவர்கள் பின்னால் நின்று இழுப்பதுபோல் நடிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பலர் சேர்ந்து இழுக்கிறோம் என்ற எண்ணமே அந்த ஒருவரின் முயற்சியைக் குறைத்தது. பிப் லட்டானேயும் அவருடைய சகாக்களும் 1979-இல் கைதட்டலிலும் கூச்சலிலும் இதையே கண்டார்கள். பிறகு அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள். ஒவ்வொருவரின் பங்கும் தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தச் சுணக்கம் மறைந்துவிடுகிறது.

ஆகவே ஓபி அடிப்பது பிறவிக் குணம் என்று முடிவுகட்டும் முன் குழுத் தலைவர் தன்னைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. அவனுக்கென்று தனியாக, அவன் பெயர் சொல்லக்கூடியதாக, ஒரு வேலையை நான் கொடுத்தேனா? ‘எல்லாரும் சேர்ந்து லிட்டரேச்சர் சர்வே பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு, ஒருவரும் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. அந்த வேலை யாருடையதும் இல்லை.

ஒரு குழுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் தார் வெட்டிய பிறகு வாழைத்தண்டு வயலோரம் குவிந்து அழுகும். அதன் பட்டையிலிருந்து நார் எடுக்கலாம். வாழைநார் பிரிக்கும் இயந்திரம் எங்கள் துறையில் அடிக்கடி வரும் தலைப்பு. அமைப்பு எளிதானது. மோட்டாரால் சுழலும் உருளை, உருளையின்மேல் வரிசையாக மழுங்கிய தகடுகள், எதிரே அசையாத ஒரு தகடு. பட்டையின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை இடைவெளிக்குள் விட்டு இழுத்தால், சதை வழித்துக்கொண்டு கீழே விழும், நார் கையில் நிற்கும். பிறகு முனையை மாற்றிப் பிடித்து மறுபாதியை விட வேண்டும். இடைவெளி கூடினால் சதை போகாது, குறைந்தால் நார் அறுந்துவிடும். வேலையின் நுட்பமெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்தக் குழுவின் தலைவன் வேகமான பையன். பாகங்களின் பட்டியல் போட்டது, மோட்டார் வாங்கியது, வெல்டிங் கடையில் விலை பேசியது எல்லாம் அவன்தான். மற்ற குழுக்கள் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர்களின் சட்டகம் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தார்கள். இயந்திரம் சத்தமில்லாமல் ஓடியது. நார் வரவில்லை. அறுந்து அறுந்து விழுந்தது, வந்த கொஞ்சத்திலும் சதை ஒட்டிக்கொண்டே நின்றது. இடைவெளியை மாற்றினார்கள். புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள். உருளையைக் கழற்றித் தகடுகளை வெட்டியெடுத்து மறுபடி வெல்டிங் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவது பையன் ஒருவன் இருந்தான். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவன். ரிவ்யூவில் ஓரமாக நிற்பான், கேட்டால் ஒரு வார்த்தை சொல்வான். ஒர்க்‌ஷாப்பில் நான் போய் நின்றபோது அவன் கீழே கிடந்த பட்டையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன்.

‘இது மூணு நாளைக்கு முன்னாடி வெட்டுன தண்டு மேடம். பட்டை வாடிப்போச்சு. வெட்டுன அன்னைக்கே ஓட்டணும். இப்ப மிஷினை என்ன பண்ணாலும் வராது.’

‘இது உனக்கு முதல்லயே தெரியுமா?’

‘தெரியும் மேடம். எங்க மாமா வயல்ல வாழைதான்.’

‘ஏம்ப்பா சொல்லல?’

‘மோட்டார், ஆர்பிஎம், கேப்புன்னுதான் பேசிட்டிருந்தாங்க மேடம். தண்டைப் பத்தி யாரும் கேக்கல.’

மறுநாள் விடியற்காலையில் வெட்டிய தண்டை டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் போட்டு அவனே கொண்டுவந்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் முதல் முறையாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் பளபளவென்று, பட்டையின் முழு நீளத்துக்கும் நார் வந்தது. நால்வரும் அதை மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

அன்று மாலை குழுத் தலைவன் என் அறைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. ‘நான் யாரையும் பேச வேண்டாம்னு சொன்னதே இல்ல மேடம்’ என்றான். அவன் சொன்னது உண்மை. யாரையும் அவன் தடுத்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதும் இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தால் அதற்கு முதல் விடை அவனுடையதாகவே இருக்கும். விடை வந்த பிறகு வேறு யாரும் வாயைத் திறப்பதில்லை. அவனுடைய வேகம்தான் சட்டகத்தை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தது. அந்த வேகம்தான் நான்காவது ஆளின் வாயையும் அடைத்தது. பலம் ஒரு பட்டியலிலும் பலவீனம் இன்னொரு பட்டியலிலும் இருப்பதாக நாம் எழுதுகிறோம். நான் கண்டவரையில் இரண்டும் ஒரே குணம்தான். எந்தக் கட்டத்தில், யார் முன்னால் அது வெளிப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. வேலை தொடங்காமல் கிடந்தபோது அந்தப் பையனின் வேகம் தேவைப்பட்டது. வேலை முட்டி நின்றபோது அதுவே இடைஞ்சலானது. வேகத்தைக் குறைத்துக்கொள் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டங்களில் நீ கடைசியாகப் பேசு என்று மட்டும் சொன்னேன். முதல் கூட்டத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லையாம். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அந்த ஆண்டிலேயே அவனுக்குக் கடினமான வேலையாக இருந்தது என்று பிறகு சொன்னான்.

நான்காவது பையனையும் நான் விட்டுவிடவில்லை. கேட்காவிட்டால் சொல்லமாட்டேன் என்பதும் ஒரு குறைதான். அதற்குப் பின்னால் எத்தனை நியாயமான காரணம் இருந்தாலும், ஒரு வாரத்து உழைப்பும் வெல்டிங் கூலியும் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். தலைமை என்பது தலைவர் என்று பெயர் வாங்கியவரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவதில்லை. ‘ஒரு நிமிஷம், தண்டு வாடிப்போச்சு’ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடத்தில் குழுவை நடத்தியவன் அவனாக இருந்திருப்பான்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு இதோடு ஒட்டிவருவது. நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் நல்ல குழுக்களில் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார். கணக்கு நேர்மாறாக வந்தது. நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. கூர்ந்து பார்த்தபோது விளங்கியது: அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற குழுக்களில் மறைத்தார்கள். ‘என் டீமில் ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று பெருமையாகச் சொல்லும் மாணவத் தலைவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. பிரச்சினை இல்லையா, அல்லது உன்னிடம் வரவில்லையா?

இடித்துச் சொல்பவரை அருகில் வைத்துக்கொள்வது அரசனுக்கு எவ்வளவு அவசியம் என்று வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் பேசுகிறார். அரசனுக்கு அமைச்சர் இருக்கிறார், மூத்தோர் இருக்கிறார்கள். மாணவர் குழுவில் இடித்துச் சொல்ல வேண்டியவர் அதே வயதுக்காரர், பெரும்பாலும் அதே ஹாஸ்டல் அறை நண்பர். நட்பு கெட்டுவிடுமோ என்ற தயக்கம் இருவருக்கும் இருக்கிறது. அதனால் ‘என்னைப் பற்றி உண்மையைச் சொல்லுடா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ‘நீ சூப்பர்டா’ என்றுதான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை சென்சாரை மாற்றலாம் என்று நான் முடிவெடுத்தேனே, அப்போது உனக்கு வேறு யோசனை இருந்ததா? இப்படிக் கேட்டால் நண்பரால் உண்மையைச் சொல்ல முடியும். அவர் ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறார், ஆளைப் பற்றித் தீர்ப்பு வழங்கவில்லை.

அடுத்து, குழுவில் யார் தலைவர் ஆகிறார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் பகுதி இது. பெரும்பாலும் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் ரிவ்யூவில் ஆங்கிலம் சரளமாக வருபவர் முன்னால் நிற்கிறார். அவரிடம் கேள்வி கேட்கிறோம், அவர் பதில் சொல்கிறார். அடுத்த ரிவ்யூவுக்குள் அவர்தான் டீம் லீடர் என்று ஆகிவிடுகிறது. ஆசிரியர்களாகிய நாம்தான் நம் கண் பார்வையால் அவரைத் தலைவராக்குகிறோம். 2021-இல் வந்த சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. பெற்றோர் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். சால்டரிங் அயர்னைப் பிடித்தால் கை நடுங்காத பிள்ளைகள், அப்பாவோடு மோட்டார் ரிவைண்டிங் கடையில் உட்கார்ந்து பழகிய பிள்ளைகள். ‘எனக்குத் தலைமைப் பண்பு இல்லை மேடம்’ என்று அவர்களில் பலர் மனதார நம்புகிறார்கள். நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வராததை ஒரு பண்பின் குறையாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. நாலு பேரில் ஒரு பெண் இருந்தால் ரிப்போர்ட் அவள் தலையில் விழும். கையெழுத்து நன்றாக இருக்கும், பொறுமை இருக்கும் என்பார்கள். என்.எஸ்.எஸ். முகாமில் பார்த்தால் காய்கறி நறுக்கும் இடத்தில் மாணவிகள், ஊர்த் தலைவரிடம் பேசப் போகும் இடத்தில் மாணவர்கள். புராஜெக்ட் நேரத்தில் இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது. பெண்கள் விடுதியின் கதவு மாலையிலேயே மூடப்படும். ஆண்கள் எட்டு மணி வரை லேபில் இருந்துவிட்டு, டீக்கடையில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். காலையில் அந்தப் பெண் வரும்போது டிசைன் மாறியிருக்கும். அவள் ஏன் என்று கேட்டால் ‘நேத்தே டிஸ்கஸ் பண்ணிட்டோமே’ என்பார்கள். கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க நாலரைக்கு ஓடும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். பிறகு தலைவர் சொல்வார்: ‘அவங்களுக்கு இன்வால்வ்மென்ட் இல்ல மேடம்.’ இரவு பகல் பாராமல் உழைப்பதைத் தன் பலமாக எழுதும் தலைவர், அந்த இரவில் யாரெல்லாம் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். முடிவுகளை மதியம் இரண்டு மணிக்கு எடுப்பதென்று வைத்துக்கொண்ட குழுக்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அந்த ஒருவரிடம் தலைமைப் பண்பு இருக்கிறது என்று நான் தயங்காமல் கையெழுத்துப் போடுவேன்.

குர்ட் லெவின் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நாட்டை விட்டு அமெரிக்கா சென்ற யூதர் அவர். ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் இருவரோடும் சேர்ந்து பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைத் தந்தார். சில குழுக்களுக்கு எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் தலைவர், சில குழுக்களுக்குக் கலந்து பேசி முடிவெடுக்கும் தலைவர், சிலவற்றுக்கு எதிலும் தலையிடாத தலைவர். 1939-இல் வெளியான அந்த ஆய்வில், தலைவர் அறையை விட்டு வெளியே போனால் என்ன ஆகிறது என்று குறித்தார்கள். எதேச்சாதிகாரத் தலைவர் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது, அவர் வெளியே போனதும் சரிந்தது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அதே அளவில் தொடர்ந்தது. தலையிடாத தலைவரின் குழுவில் அவர் இருந்தபோதே வேலை குறைவாகத்தான் நடந்தது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘நான் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன்’ என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தலைவர்களும் நம்மிடையே நிறைய உண்டு.

சர்வாதிகாரத்திலிருந்து தப்பி வந்த ஒருவர், தலைவர் இல்லாத அறையில் சிறுவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்ததன் ஆழம் எனக்கு எப்போதும் பிரமிப்பூட்டும். மாணவர்களே, உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், திரும்பி வந்த அன்று லேபுக்குள் நுழைந்து பாருங்கள். வேலை நகர்ந்திருந்தால் உங்கள் பலம் எது என்று அங்கே தெரியும். சாவி உங்கள் பையில், புரோகிராம் உங்கள் லேப்டாப்பில், கடைக்காரர் நம்பர் உங்கள் போனில், அதனால் எல்லோரும் சும்மா இருந்தோம் என்றால் அதுவும் தெரியும்.

முன்னின்று செய்தவர்கள் ஒரு வாரமல்ல, நிரந்தரமாகவே போய்விடும் வேலைகளும் உண்டு. மாணவர்கள் செய்த செயற்கைக்கோள்கள் நம் நாட்டில் பல உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், சுமார் 40 கிலோ எடையில், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏறியது. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்களின் ‘பிரதம்’ 2007-இல் தொடங்கி 2016 செப்டம்பர் 26 அன்றுதான் விண்ணுக்குப் போனது. ஒரு மாணவர் கல்லூரியில் இருப்பது நாலைந்து ஆண்டு. தொடங்கியவர்கள் கையில் அது முடியவில்லை. இடையில் ஒவ்வோர் ஆண்டும் தெரிந்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள், தெரியாதவர்கள் உள்ளே வந்தார்கள். முந்தைய பேட்ச் ஏன் இந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுத்தது, எந்தச் சோதனையில் எது கெட்டது என்று எழுதி வைக்காமல் அப்படி ஒரு வேலை ஒன்பது ஆண்டு உயிரோடு இருக்க முடியாது. தனக்குப் பின்னால் வரும் ஜூனியருக்குப் புரியும்படி நாலு பக்கம் எழுதி வைத்த மாணவரை எந்தப் பத்திரிகையும் படம் பிடிப்பதில்லை. நான் படம் பிடிப்பதாக இருந்தால் அவரைத்தான் பிடிப்பேன்.

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்குச் சில வேண்டுகோள்கள். நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போடுவதை நான் எதிர்க்கவில்லை, சில சமயம் அது நியாயமும்கூட. ஆனால் வைவாவில் ஒவ்வொருவரிடமும் இன்னொருவர் செய்த பகுதியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். சர்க்யூட் செய்தவரிடம் சட்டகத்தைப் பற்றி, ரிப்போர்ட் எழுதியவரிடம் மோட்டாரைப் பற்றி. ஒரு ரிவ்யூவையாவது முழுக்கத் தமிழில் நடத்துங்கள். அன்று யார் முன்னால் வந்து நிற்கிறார் என்று பாருங்கள். குழுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, முடிவெடுத்த நாளும், என்ன முடிவு என்பதும், யார் வேறு யோசனை சொன்னார் என்பதும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அதையும் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து நிரப்பிவிடுவார்கள். அந்த நோட்டை ஆண்டு முடிவில் துறை அலமாரியில் பூட்டி வைக்காமல் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.